காளவாயின் கணக்கு

ஏருக்கும் வண்டிக்கும் மணப்பாறைச் சந்தையில் மாடு பிடித்த காலத்தில், வட்டமாக வெட்டிய குழியில் கல் உருளையைச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டடக் காரை அரைத்துக் கொடுத்தவையும் காளைகளே. அவற்றுள் சில மணப்பாறைக் காளைகளாக இருந்திருக்கும் என்று எண்ண எனக்கு ஆசை. அக்காரைக்கு வேண்டிய சுண்ணாம்பைக் கடற்கரைப் பக்கத்தார் கிளிஞ்சலிலிருந்தும் உள்நாட்டார் சுண்ணாம்புக் கல்லிலிருந்தும் காளவாயில் சுட்டெடுத்தனர். நீர் பட்டதும் கொதித்துப் பூத்து மாவாகும் அவ்வஸ்து, மணலோடு கூடி, கடுக்காய் நீரும் வெல்லமும் ஏற்று, சுவரில் ஏறி, நாளடைவில் மறுபடியும் கல்லாயிற்று. இவ்விரு மாற்றங்களையும் கொத்தனார்கள் பரம்பரையாக அறிந்திருந்தார்கள். இடையில் எது போயிற்று, எது வந்தது என்னும் விசாரம் மட்டும் எஞ்சியிருந்தது.

அது தீர்ந்தது எடின்பரோ நகரில். மூத்திரக் கல்லைக் கரைக்கும் என்று அன்று நம்பப்பட்ட சுண்ணாம்பு நீருக்குக் கிளிஞ்சல் சிறந்ததா, கல் சிறந்ததா என்று விட், ஆல்ஸ்டன் என்னும் இரு பேராசிரியர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க (நம் கொத்தனார்களைக் கேட்டிருந்தாலும் இரண்டு கட்சி கிடைத்திருக்கும்), ஜோசப் பிளாக் என்ற மாணாக்கர் அவ்வழக்கில் தலையிடாமல் வெள்ளை மக்னீசியாவை எடுத்துக்கொண்டு, தராசையே துணையாக நம்பி ஆராயப் புகுந்தார். நெருப்பிலிருந்து ஏதோ அக்கினித் தத்துவம் உட்புகுவதால்தான் சுண்ணாம்புக்குக் காரம் உண்டாகிறது என்பது அன்றைய சித்தாந்தம். 1754-ல் அளித்த ஆய்வுரையிலும் 1756-ல் வெளியிட்ட விரிவிலும் பிளாக் நிலைநாட்டியதோ, சுடுவதால் ஒன்றும் உட்புகவில்லை, ஒரு வாயுதான் வெளியேறி எடை குறைகிறது என்பது. எந்த மாறுதலிலும் பதார்த்தத்தின் மொத்த எடை மாறாது என்ற நியதியை லவாய்சியர் 1789-ல் தம் நூலில் வகுத்தபின், இரசாயனச் சமன்பாட்டுக்கு அஸ்திவாரம் உறுதியாயிற்று.

இன்று நாம் போடும் கணக்கில், 100 பங்கு கல் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாகவும் 44 பங்கு கரியமில வாயுவாகவும் பிரிகிறது; 18 பங்கு நீரை ஏற்று 74 பங்காகும் சுண்ணாம்பு, சுவரில் அந்த 44-ஐக் காற்றிலிருந்து திரும்பப் பெற்று, 18-ஐ விட்டுவிட்டு, பழைய 100-க்கே வருகிறது. குறியீடுகளுக்கு முன் ஓர் எண்ணும் இடாமலே இவையெல்லாம் சமனாகிவிடுவதால் மாணாக்கர் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். அதே கல்லின்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றும் இடத்தில்தான் திகைப்பு: ஒரு கால்சியம் இரண்டு குளோரினைப் பற்றுவதால் அமிலத்துக்கு முன் 2 வேண்டும், அதை முன்னே இடாமல் குறியீட்டின் காலடியில் இட்டு, உலகில் இல்லாத வஸ்துவைச் சிருஷ்டித்துவிடுவோரும் உண்டு.

1939-ல் திருச்சி ஜில்லாவின் கல்லக்குடியில் டால்மியா சிமெண்டு ஆலை எழுந்தது. காலப்போக்கில் காளவாயும் காரைக் குழியும் அருகின. சிமெண்டுக்கும் மூலம் சுண்ணாம்புக் கல்லே. ஆனால் அது பெரும்பாலும் நீரை உட்கொண்டு இறுகுவதாகையால், சூளையில் போன 44 பங்கு காரைச் சுவருக்குத் திரும்பிய அளவுக்குச் சிமெண்டுச் சுவருக்குத் திரும்புவதில்லை.