ஓக்லண்டின் கிரியேட்டிவ் குரோத் கலைக்கூடம்

கிரியேட்டிவ் குரோத் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், ஓக்லண்ட் நகரில் அறிவுசார் குறைபாடுடைய பெரியவர்களுக்காக இயங்கும் கலைக்கூடமாகும். உளவியலாளர் எலியாஸ் காட்ஸும் அவர் மனைவி ஓவியர் புளோரன்ஸ் லூடின்ஸ் காட்ஸும் 1974 இல் தம் வீட்டுக் கார் கொட்டகையில் இதைத் தொடங்கினர். அரசுக் காப்பகங்களிலிருந்து பலர் வெளியே அனுப்பப்பட்டு வந்த காலம் அது. வந்தவர்கள் பகல் முழுவதும் என்ன செய்வது? காட்ஸ் தம்பதியர் தந்த விடை, கலை. இங்கே உடனிருப்பவர்கள் கலைஞர்கள். பொருள்களைத் தருவார்கள், இதைத்தான் வரைய வேண்டும் என்று சொல்வதில்லை.

இம்முறையின் பயனை ஜூடித் ஸ்காட் (1943–2005) வாழ்வில் காணலாம். டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த இவர் ஏழு வயதில் ஒகையோ மாநிலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். காது கேளாதவர் என்பதை அறியாமலே, கற்பிக்க இயலாதவர் என்று முடிவு கட்டினர். கேள்வியே காதில் விழாத குழந்தையிடம் பதில் எதிர்பார்த்த சோதனையை என்னென்பது! சுமார் 35 ஆண்டுகளுக்குப் பின் இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் அவரை மீட்டுத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். 1987 இல் இக்கூடத்தில் சேர்த்தார்.

ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஜூடித் எதிலும் நாட்டம் காட்டவில்லை. அதற்காக அவரை யாரும் அனுப்பிவிடவில்லை. பின்னர் நூற்கலைஞர் சில்வியா செவன்டியின் வகுப்பில் நூலைக் கையிலெடுத்தார். கிடைத்த பொருளையெல்லாம் நூலாலும் துணியாலும் சுற்றிச் சிற்பமாக்கினார். கடைத் தள்ளுவண்டியைக்கூட விடவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் 2014 இல் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. ஜூடித் எந்தச் சிற்பத்துக்கும் பெயரிடவில்லை.