சாட்சியும் சான்றும்: என்டோலா விமான விபத்து விசாரணைகள் குறித்து ஒரு நோக்கு

1961 செப்டெம்பர் 17ஆந் திகதி பிற்பகல் கொங்கோவின் லியோபோல்ட்வில் நகரிலிருந்து புறப்பட்ட டிசி-6பி விமானமொன்று, நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், அன்று வட றொடீசியா எனப்பட்ட இன்றைய சாம்பியாவின் என்டோலா விமான நிலையத்திற்கு மேற்கே ஏறத்தாழ ஒன்பது மைல் தொலைவிலிருந்த காட்டில் வீழ்ந்து எரிந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் டாக் ஹமர்ஷீல்ட் உட்படப் பதினாறு பேர் அதில் இருந்தனர். அவ்விபத்தின் காரணம் யாது என்ற வினாவுக்கு இக்கட்டுரை விடை கூற முற்படவில்லை. அக்காரணத்தைத் தேடியோர் எவரது சொல்லைச் சான்றாகக் கொண்டனர், எவரது சொல்லைத் தள்ளினர் என்பதே எமது அக்கறை.

பின்புலத்தைச் சுருங்கக் கூறலாம். 1960 யூன் 30இல் கொங்கோ பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. இரு வாரமும் கழியுமுன் சோம்பேயின் தலைமையில் கட்டங்கா மாகாணம் பிரிந்து சென்றது. செம்பும் கோபால்ற்றும் மிகுந்த அம்மண்ணில் யூனியன் மினியேர் என்னும் சுரங்கக் கம்பனி செலுத்திய வரியே பிரிவினை அரசின் முதுகெலும்பாக இருந்தது. 1961 சனவரி 17இல் பற்றிஸ் லுமும்பா அங்கு கொலையுண்டார். லுமும்பாவைக் காக்கத் தவறியவர் என ஹமர்ஷீல்ட்டைச் சோவியத் யூனியன் கண்டித்துப் பதவி விலகக் கோரியதை நாம் மறந்துவிடவில்லை. அவரைத் தியாகியாக்கும் தேவை எமக்கில்லை. எனினும் செப்டெம்பர் 13இல் ஐ.நா. படைகள் கட்டங்காவின் கூலிப்படையினருக்கெதிராக நடவடிக்கை தொடங்கியபின், அவரது பயணம் பிரிவினையால் நலம்பெற்றோர் பலருக்கு உவப்பாயிருக்கவில்லை. சோம்பேயுடன் போர்நிறுத்தம் பேசவே அவர் என்டோலா சென்றார். அந்நகரோ, கட்டங்காவிடம் அனுதாபங் கொண்டிருந்த றோய் வெலென்ஸ்கியின் வெள்ளைக் குடியேறிகள் அரசின் கீழ் இருந்தது.

விபத்தை முதலில் ஆராய்ந்தவர்களும் அவ்வரசினரே. றொடீசியச் சிவில் விமானத்துறையின் விசாரணைக் குழுவைத் தொடர்ந்து, கூட்டாட்சியின் பிரதம நீதியரசர் கிளேடன் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமர்ந்தது. 1962 பெப்ரவரியில் அது விமானியின் தவறே காரணம் எனத் தீர்த்தது. நேபாளத்தின் றிஷிகேஷ் ஷாவைத் தலைவராகக் கொண்ட ஐ.நா. ஆணைக்குழு அவ்வாண்டு ஏப்பிரலில் வேறு முடிவுக்கு வந்தது. விமானியின் தவறையும் விலக்கமுடியாது, சதியையும் தாக்குதலையும் விலக்கமுடியாது என்பதே அது.

பௌதிகத் தடயங்கள் எதுவரை பேசின என்பதை நோக்குதல் வேண்டும். சில்லுகள் இறக்கப்பட்டிருந்தன. இறக்கை மடல்கள் இறங்குதற்கேற்ற நிலையில் இருந்தன. உயரமானிகளிற் பிழையிருந்ததாகத் தெரியவில்லை. விமானம் சாய்வு குறைந்த கோணத்தில் மரங்களை வெட்டிக்கொண்டு சென்றிருந்தது. அதாவது இறங்குதற்கு ஆயத்தமான விமானம் இருக்கவேண்டிய உயரத்திலும் தாழப் பறந்தது. ஏன் தாழ்ந்தது என்பதற்கு உலோகத்திடம் விடையில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் நிகழ்ந்த உரையாடலின் ஒலிப்பதிவும் இல்லை. இவ்விடத்தேதான் மனிதர் கூற்று முதன்மை பெறுகின்றது.

காட்டிற் கரி சுட்டு வாழ்ந்த ஆபிரிக்கர்களும் அயலிலிருந்த வேறு சிலரும் வானில் இரண்டாவது விமானமொன்றைக் கண்டதாகவும் ஒளிப்பிழம்பைக் கண்டதாகவும் கூறினர். றொடீசிய ஆணைக்குழு அவற்றை நம்பகமற்றவை என ஒதுக்கியது. சில நாள் உயிர்தப்பியிருந்த பாதுகாப்பு அலுவலர் ஹரோல்ட் ஜூலியன் வெடிப்புப் பற்றியும் வானிற் பொறிகள் பற்றியும் மருத்துவமனையிற் கூறியவை, காயமுற்றவரின் பிதற்றலாகக் கொள்ளப்பட்டன. ஜூலியன் ஆபிரிக்கரல்லர். எனவே நிறவெறுப்பு ஒன்றினாலேயே இவ்வொதுக்கலை விளக்கிவிடவியலாது. முன்கூட்டி வரித்துக்கொண்ட முடிபுக்கு இசையாத சொல் எதுவாயினும் அங்கு எடையிழந்தது என்பதே பொருத்தமாகும்.

எனினும் ஒரு செய்தி எம்மை நெடுநேரம் நிறுத்தியது. விமானச் சிதைவு உத்தியோகபூர்வமாகக் கண்டுபிடிக்கப்பட்டது 18ஆந் திகதி பிற்பகல் மூன்று மணி கழிந்த பின்னரே. விபத்து நிகழ்ந்து பதினைந்து மணி நேரம் அப்போது கடந்திருந்தது. கரி சுடுவோர் சிலரோ அன்று காலையிலேயே அவ்விடத்தை அடைந்திருந்தனர். சிதைவிலிருந்து இரகசியக் குறியீட்டு இயந்திரம் ஒன்றை எடுத்துச் சென்ற குற்றத்துக்காக அவர்களுட் சிலர் சிறைத்தண்டனை பெற்றனர். நிலத்தில் அவர்கள் எடுத்த பொருளை நிரூபிக்க நீதிமன்றுக்கு இயன்றது. அதே வகுப்பினர் வானத்திற் கண்டதைக் கேட்க ஆணைக்குழுவுக்குச் செவியிருக்கவில்லை. ஒரே குடியேற்ற ஆட்சியின் இரு நிறுவனங்கள் இவை.

இவ்வாறு கூறுவதால், கொலையென முடிவு கட்டுவோர் அணியில் நாம் சேர்ந்துவிட்டோமெனக் கொள்ளலாகாது. சுரங்க முதலாளிகளுக்கு நோக்கமிருந்தது என்பது உண்மை. ஆயினும் நோக்கம் சான்றாகாது. வர்க்க நலனைச் சுட்டியவுடன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுவது மார்க்சிய ஆய்வுமுறையன்று. துப்பறியும் நாவலின் முறையே அது. நம்மவரிற் சிலரும் இதற்கு விலக்கல்லர். களைத்த விமானியொருவர் இருளில் உயரத்தைத் தவறாக மதிப்பிட்டிருக்கும் சாத்தியம் இன்றும் அழிந்துவிடவில்லை.

சூசன் வில்லியம்ஸின் நூல் 2011இல் வெளிவந்தபின் விசாரணை மீண்டும் உயிர்பெற்றது. தன்சானியாவின் முன்னாட் பிரதம நீதியரசர் ஒத்மான் 2017இல் ஐ.நா.வுக்கு அளித்த அறிக்கை, வெளித் தாக்குதலோ அச்சுறுத்தலோ காரணமாயிருந்திருத்தல் நம்பத்தக்கதாகத் தோன்றுகின்றது எனக் கூறியது. சில அரசுகளிடம் வெளிப்படுத்தப்படாத தகவல்கள் இருத்தல் கூடும் என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

அந்நூல் வெளிவருமுன்னரே, 2000களின் பிற்பகுதியில், சுவீடன் நாட்டு உதவிப் பணியாளர் ஒருவர் அக்கிராமங்களுக்குச் சென்று எஞ்சியிருந்த சாட்சிகளைத் தேடிக் கேட்டார். அவர்கள் அப்போது முதியோர். அவ்விரவு ஏறத்தாழ ஐம்பதாண்டு பழையதாகியிருந்தது. 1961இல் முன்வந்து ஏன் கூறவில்லை என்ற வினாவுக்குச் சிலர் அளித்த விடை எளிமையானது: பழி தம்மீதே வீழும் என அஞ்சினர்.