வலி நிறுத்திய வரலாறு: பாறசாலை எல்லையில் புகையிலையும் மனவுறுதியும்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் சாலையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்குகின்றன. ஒருவர் புகைப்பழக்கத்தைக் கைவிட்டால் மலையாளத்தில் ‘வலி நிர்த்தி’ என்பர். வலி என்பது அங்கே இழுத்தல். தமிழ்க் காதுக்கோ நோவு நின்றுவிட்டது என்றே அது முதலில் கேட்கும். தென் தமிழ்ப் பேச்சில் பீடி ‘குடிக்க’ப்படுகிறது, பழக்கம் ‘விட’ப்படுகிறது. மூச்சிரைப்பு நோய்க்குத் தமிழில் ‘இழுப்பு’ என்றும் மலையாளத்தில் ‘வலிவு’ என்றும் பெயர். புகையை இழுப்பதும் மூச்சை இழுப்பதும் இரு மொழிகளிலும் அந்தந்த மொழியின் ஒரே வினையடியில் பிறந்த சொற்களால் குறிக்கப்படுகின்றன. இதை முன்னோரின் மருத்துவ அறிவுக்குச் சான்றாகக் காட்ட வேண்டியதில்லை. நோயாளி மூச்சை இழுத்து வாங்கும் பாடுதான் அப்பெயருக்குக் காரணம்.

ஆனால் ‘விட்டான்’, ‘நிறுத்தினான்’ என்னும் வினைகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இரண்டுக்கும் எழுவாய் தனியொரு மனிதன். விட்டவன் மனவுறுதி உள்ளவன், விடாதவன் அது இல்லாதவன் என்ற தீர்ப்பு இந்த இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது. புகையிலை எவ்வாறு இப்பகுதிக்கு வந்தது, அதை விட்டவர்கள் எவ்வாறு விட்டார்கள் என்று பார்த்தால் அத்தீர்ப்பு நிற்பதில்லை.

தென் திருவிதாங்கூருக்குப் புகையிலை பெருமளவில் கடல் வழியாக வந்தது. டச்சுக்காரர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணக் குடாநாட்டின் புகையிலைக்குத் திருவிதாங்கூர் முதன்மைச் சந்தை. மலையாள நாட்டில் அதன் பெயர் ‘ஜாப்பாணம் புகையில’. யாழ்ப்பாணத்திலோ, இச்சந்தைக்கெனப் பயிரிட்டுப் பதப்படுத்திய அதே இலைக்கு ‘மலையாளப் புகையிலை’ என்று பெயர். வாங்கியவர் விளைந்த ஊரால் அழைத்தனர். விளைவித்தவர் விற்ற நாட்டால் அழைத்தனர். 20ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாண உழவர்கள் அமைத்த கூட்டுறவு விற்பனைச் சங்கமும் ‘யாழ்ப்பாண மலையாளப் புகையிலை’ என்ற பெயரையே தாங்கியிருந்தது.

இவ்வணிகம் நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமையாக இருந்தது. மிளகும் உப்பும் போலப் புகையிலையும் அரசுக் கருவூலத்தின் தூண்களுள் ஒன்று. மாதவ ராவ் திவானாக இருந்த 1860களில் தனியுரிமை நீக்கப்பட்டு இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றிடையே ஏற்பட்ட வணிக உடன்படிக்கைக்குப் பின்னரும் புகையிலை வருவாய் அரசுக்குத் தேவைப்பட்டது. சிற்றூரில் ஒருவன் முடிந்து வைத்த இலையின் பின்னால் ஓர் அரசின் வரவுசெலவும் கடலுக்கு அப்பால் ஒரு குடாநாட்டின் வேளாண்மையும் நின்றன. பழக்கம் தனிமனிதனோடு தொடங்கவில்லை என்பதற்கு இதுவே முதற்சான்று.

அவ்விலை வீடுகளுக்குள் நுழைந்தது முறுக்கான் வழியாக. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் சேர்ந்ததே முறுக்கான். வந்தவருக்குச் செல்லம் நீட்டுவது மரியாதை; மறுப்பது மனத்தாங்கல். 20ஆம் நூற்றாண்டில் பீடியும் பின்னர் சிகரெட்டும் பரவியபோது அவை இந்த மரியாதையின் இடத்தையே பிடித்தன. நெருப்புக் கேட்பது அறிமுகம், ஒரு பீடியைப் பங்கிடுவது நட்பு என்றாயிற்று. புகையிலையை விட எண்ணியவன் நிகோடினை மட்டும் விட்டால் போதாது. தேநீர்க் கடை பெஞ்சில் தனக்கிருந்த இடத்தையும் விட வேண்டியிருந்தது.

இதே மண்ணில் கூட்டு உறுதிக்கு முன்மாதிரியும் இருந்தது. நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888இல் நாராயண குரு சிவலிங்கப் பிரதிட்டை செய்தார். பின்னாளில் அவர் மதுவை நஞ்சென அறிவித்து, அதைக் காய்ச்சுவதையும் கொடுப்பதையும் குடிப்பதையும் ஒருசேர விலக்கினார். அவ்வறிவுரையின் அமைப்பு கருதத்தக்கது. குடிப்பவனை மட்டும் அது சுட்டவில்லை; உண்டாக்குபவனையும் கொடுப்பவனையும் சேர்த்தே சுட்டியது. ஒரு சமுதாயம் முழுவதும் சேர்ந்து விட்டால்தான் ஒருவனால் விட முடியும் என்ற புரிதல் அதில் உண்டு. மதுவுக்கு எதிராக எழுந்த அளவுக்குப் புகையிலைக்கு எதிரான இயக்கம் எழவில்லை. அது குடியைப் போல் அன்றே வீட்டைக் குலைப்பதில்லை. அதன் விலை இருபது முப்பது ஆண்டுகள் கழித்தே தெரிகிறது.

அவ்விலையை முதலில் கணக்கெடுத்தவர்கள் நெய்யூர் மருத்துவர்கள். பாறசாலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. பாறசாலையும் அச்சங்கத்தின் பணிக்களங்களுள் ஒன்று. 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் திருவிதாங்கூரின் புற்றுநோய் பற்றி இரு கட்டுரைகள் வெளிவந்தன. பென்டால் எழுதியது 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பு. ஃபெல்ஸ் எழுதியது வாய்ப்புற்றுக்காகச் செய்யப்பட்ட 209 அறுவைகளின் ஆய்வு. ஒரு சிற்றூர் மருத்துவமனைக்கு இந்த எண்ணிக்கை மிகப் பெரிது. 1933இல் நெய்யூர் மருத்துவர் ஐயன் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றை ஆராய்ந்து லான்செட் இதழில் எழுதினார். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் பிரிட்டனில் நிறுவியது 1950இல்தான். புகையிலை கலந்த முறுக்கானின் கேடு அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே தென் திருவிதாங்கூர் நோயாளிகளின் வாயிலிருந்து எழுதப்பட்டுவிட்டது.

அறிவு இருந்தது, ஆனால் அது ஆங்கில மருத்துவ இதழ்களில் இருந்தது. நோயாளிக்குக் கிடைத்தது கத்தி. நோய் வருமுன் ஒருவனைத் தேடிச் சென்று, பழக்கத்தை விடத் துணை நிற்கும் ஏற்பாடு பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே உருவாயிற்று.

அதற்குள் எல்லைக்கோடு வந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்துக் கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அங்கு வாழ்ந்த தமிழரும் கேரளத்தில் நின்றனர். நெய்யூர் ஒரு மாநிலத்திற்கும் பாறசாலை மற்றொன்றிற்கும் ஆயின. உறவும் சந்தையும் பழக்கமும் கோட்டைக் கடந்தே தொடர்ந்தன.

புகைப்பழக்கத்தைப் பொறுத்தவரை அக்கோடு 1999இல் பொருள் பெற்றது. கோட்டயத்தைச் சேர்ந்த கல்லூரிப் பேராசிரியை மோனம்மா கோக்காடும் கே. இராமகிருஷ்ணனும் தொடுத்த வழக்கில், 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைச் சட்டத்திற்குப் புறம்பானதென அறிவித்தது. பிறர் விடும் புகையைச் சுவாசிக்க நேர்வது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்பது தீர்ப்பின் அடிப்படை. தீர்ப்பளித்த அமர்வில் நாராயண குரூப்புடன் இருந்தவர் தேவகோட்டையில் பிறந்த தமிழரான ஏ.ஆர். இலட்சுமணன். அவ்வாணையின் எல்லை களியக்காவிளையோடு முடிந்தது. முரளி தேவரா வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2003இல் நடுவண் சட்டமும் 2008 அக்டோபர் 2 முதல் கடுமையான விதிகளும் வந்தன.

இத்தீர்ப்பு எவரையும் பழக்கத்தை விடச் சொல்லவில்லை. பேருந்து நிலையத்திலும் அலுவலகத்திலும் தேநீர்க் கடையிலும் புகை இயல்பானது என்ற நிலையை மட்டும் அது கேள்விக்கு உள்ளாக்கியது. விட எண்ணுபவனுக்கு அதுவே பெருந்துணை. பிறர் கையில் எரியும் பீடியைக் காணும் பொழுதுகள் குறைந்தால் தன் கை பைக்குள் செல்லும் பொழுதுகளும் குறைகின்றன.

ஆயினும் புறச்சூழல் மட்டும் போதாது. உள்ளிழுத்த புகையின் நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சல், உறக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை உச்சத்தை அடைகின்றன. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிகின்றன. மூன்றாம் நாள் தோற்றவனைக் கோழை என்று ஊர் சொல்கிறது. அன்று அவனோடு பேச யாரேனும் இருந்தார்களா என்று ஊர் கேட்பதில்லை. இக்கேள்விக்கு விடை தேடிய ஆய்வுகள் பல கேரளத்திலேயே நடந்துள்ளன.

முதலாவது, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் மருத்துவக் குழு 1977இல் எர்ணாகுளம் மாவட்டச் சிற்றூர்களில் தொடங்கியது. புகையிலை பயன்படுத்துவோர் 12,212 பேரை ஆண்டுதோறும் நேரில் கண்டு, வாயைச் சோதித்து, விடுமாறு எடுத்துரைத்தனர். திரைப்படமும் நாளிதழும் துணையாயின. ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர் விட்டிருந்தனர். முன்னர் இதே பகுதியில் கண்காணிக்கப்பட்ட ஒப்பீட்டுக் குழுவில் விட்டவர் ஏறத்தாழ 3 பேர்.

இரண்டாவது, திருவனந்தபுரம் மாவட்டத்தின் ஊரகப் பகுதிகளில் நடந்தது. நாள்தோறும் புகைக்கும் 928 ஆண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குக் குழுவாகவும் தனியாகவும் தொலைபேசி வழியாகவும் மீண்டும் மீண்டும் ஆலோசனை அளிக்கப்பட்டது. ஓராண்டு கழிந்து 2013இல் வெளியான முடிவின்படி ஆலோசனை பெற்றோரில் 14.7 விழுக்காட்டினரும் ஏனையோரில் 6.8 விழுக்காட்டினரும் விட்டிருந்தனர்.

அதே ஆண்டில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தார் வெளியிட்ட மூன்றாம் ஆய்வு தென் கேரளத்து நீரிழிவு நோயாளிகளான 224 ஆண்களைப் பற்றியது. இரு பிரிவினருக்கும் மருத்துவர் விடச் சொன்னார். ஒரு பிரிவினருக்கு மட்டும் மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஒருவர் கூடுதலாக அமர்ந்து, நீரிழிவோடு இணைத்து விளக்கி, விடும் வழியைக் கலந்து பேசினார். ஆறு மாதத்தில் மருத்துவரின் சொல் மட்டும் கேட்டவர்களில் 12.5 விழுக்காட்டினரும், கூடுதல் ஆலோசனை பெற்றவர்களில் 51.8 விழுக்காட்டினரும் விட்டிருந்தனர். இரு பிரிவிலும் ஒரே நோய், ஒரே அச்சம். வேறுபாடு எதிரே அமர்ந்து பேசிய ஒரு மனிதர்.

நான்காவது முயற்சி வீட்டின் வாசலில் நடந்தது. கேரள ஆண்களில் புகைப்போர் பலர், மனைவியர் விரும்பாதபோதும் வீட்டுக்குள்ளேயே புகைத்தனர். தனியொரு பெண் கேட்டால் அது சச்சரவாகிறது. தெருவின் பெண்கள் கூடி, தம் வீடுகளில் புகை வேண்டாம் என அறிவித்தால் ஊர் முடிவாகிறது. 2015இல் வெளியான அவ்வாய்வின்படி ஆறு மாதங்களுக்குப் பின், புகைக்கும் ஆண்களில் 34 முதல் 59 விழுக்காட்டினர் வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்தியிருந்தனர். அருவிப்புறத்துக் குருவின் அறிவுரையில் கண்ட அமைப்பு இங்கே வேறு வடிவில் செயல்பட்டது.

இவ்வெண்களை மிகைப்படுத்தக் கூடாது. ஊரக ஆய்வில் துணை பெற்றவர்களிலும் நூற்றுக்கு 85 பேர் விடவில்லை. நீரிழிவு ஆய்வு ஆறு மாதத்தையே அளந்தது. அதன்பின் மீண்டும் பற்றவைப்போர் உண்டு. ஆயினும் நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. மனவுறுதி மனிதருக்கு மனிதர் கூடியும் குறைந்தும் இருக்கலாம். ஆனால் ஒரே மாவட்டத்தின் இரு பிரிவினரிடையே விட்டோர் விகிதம் இருமடங்காவதற்குப் பிறவி உறுதி காரணமாக முடியாது. உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் புகையிலை பயன்படுத்துவோர் 2009-10இல் 21.4 விழுக்காடாகவும் 2016-17இல் 12.7 விழுக்காடாகவும் இருந்தனர். ஏழாண்டில் ஒரு மாநிலத்து மக்கள் திடீரென உறுதி மிக்கவர்களாக மாறிவிடவில்லை. தீர்ப்பு, சட்டம், மருத்துவர், ஆலோசகர், வீட்டுப் பெண்கள் எனப் பல கைகள் சேர்ந்து விடுவதை எளிதாக்கின.

எனவே, மூன்றாம் நாள் தோற்று மீண்டும் முறுக்கான் கடை முன் நிற்கும் மனிதனை வரலாறு வேறு கண்ணால் காணச் சொல்கிறது. அவன் கையில் இருப்பது யாழ்ப்பாணத்து உழவும் திருவிதாங்கூர்க் கருவூலமும் விருந்தோம்பலும் நட்பும் சேர்ந்து மூன்று நூற்றாண்டுகளாகக் கொடுத்த பழக்கம். அதை அவனிடம் கொடுக்க அத்தனை பேர் வேண்டியிருந்தனர். விடும்போது மட்டும் அவன் தனியே விட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ‘எப்போது விடுவாய்’ என்று அவனைக் கேட்பதோடு நில்லாமல், அந்த மூன்றாம் நாள் மாலையில் அவனோடு யார் இருக்கப் போகிறார்கள் என்று குடும்பமும் நண்பரும் ஊர்ச் சுகாதார மையமும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வலி நிர்த்தி’ என்ற மலையாளத் தொடர் தமிழ்ப் பொருளிலும் உண்மையாவது அப்போதுதான்.