புதுவைக் கட்சிகளும் அவற்றின் அகவிதிகளும்

முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்திற்கு ஆள் தெரியும் முறையை மட்டும் கூறி அமையவில்லை. குடவோலையில் யார் பெயர் இடம்பெறலாம், யார் பெயர் இடம்பெறலாகாது என்பதையும் விரித்துரைக்கின்றன. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதார் விலக்கப்பெற்றனர். அண்மை மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தாரும் விலக்கப்பெற்றனர். அஃது ஓர் அந்தணர் சபையின் விதியே; இன்று நாம் குடியாட்சி என வழங்குவதனோடு அதனை ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. ஆயினும் ஓலை குடத்தில் விழுமுன் நிகழ்வதே தேர்தலிற் பாதி என்னும் உண்மையை அவ்விதியை வகுத்தார் உணர்ந்திருந்தனர்.

இக்காலத்தில் அப்பணி அரசியற் கட்சிகளின்பாற் பட்டுள்ளது. வேட்பாளரைத் தெரிவார் யார், தலைவரை அமர்த்துவாரும் நீக்குவாரும் யார் என வரையறுப்பனவற்றை ஈண்டு அகவிதிகள் என்போம். புதிதாகக் குடியாட்சி எய்திய நிலத்தில் அவை கட்சிகளை எங்ஙனம் உருவாக்குகின்றன என்பதற்குப் புதுச்சேரி வரலாறு தக்கதொரு சான்றாகும்.

பிரெஞ்சிந்தியாவில் 1946-இல் 44 உறுப்பினர் கொண்ட பிரதிநிதி சபை தோன்றியது. அதனையடுத்து எதுவார் குபேர் தலைமையில் பிரெஞ்சிந்திய சோசலிசுக் கட்சி ஓங்கிற்று. பிரெஞ்சு ஆட்சிக்கு அரணாய் நின்ற அக்கட்சி, 1954 மார்ச்சில் தலைவர் இணைப்பின் பக்கம் திரும்பவே தானும் திரும்பிற்று. அவ்வாண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்களித்தோர் பொதுமக்கள் அல்லர். பிரதிநிதி சபையிலும் நகராட்சிகளிலும் உறுப்பினராயிருந்தோர் 178 பேரே. 170 பேர் இணைப்பை ஏற்றனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. இணைப்பு மக்கள் விருப்பத்திற்கு மாறானது என்பது நம் கருத்தன்று. பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையா முதலியோரும் தொழிலாளரும் விடுதலைக்காகப் பன்னாள் போராடியவரே. பிரதிநிதிகளே வாக்களிக்குமிடத்து, அவரைத் தெரிந்து நிறுத்திய கட்சியின் அகமுடிவே நாட்டின் முடிவாகிவிடுகின்றது என்பதே நாம் சுட்டுவது. அம்முடிவைத் தொண்டர் ஆராய்ந்தனரா, தலைவர் ஆராய்ந்தனரா என்னும் வினா அதனால் எளியதன்று.

1963 சூலை 1-இல் ஒன்றியப் பகுதிச் சட்டத்தின்படி சட்டமன்ற ஆட்சி அமைந்தது. காங்கிரசிற் சேர்ந்திருந்த குபேரே முதல் முதலமைச்சரானார். காங்கிரசோ விதியில்லாத கட்சியன்று. 1920-ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டிலேயே அதற்கு விரிந்த அமைப்புச் சட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும் மாநில முதலமைச்சர் யாராதல் வேண்டும் என்னும் வினாவில், உறுப்பினர் கூடி முடிவைத் தில்லித் தலைமைக்கு விட்டுவிடுதல் காலப்போக்கில் வழக்காயிற்று. எழுதிய விதி ஓய்ந்த இடத்தில் எழுதா விதி ஆட்சி செய்தது.

அதன் விளைவை இரு நிகழ்ச்சிகளிற் காணலாம். 2001 முதல் முதலமைச்சராயிருந்த ந. ரங்கசாமி, கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் 2008-இல் பதவி விலக நேர்ந்தது; வெ. வைத்திலிங்கம் அப்பதவி ஏற்றார். 2011 பெப்ரவரியில் ரங்கசாமி தனிக்கட்சி கண்டார். சில திங்களில் 30 இடங்களுள் 15 வென்று ஆட்சி அமைத்தார். 2016-இல் காங்கிரசு 15 இடம் பெற்றபோது மாநிலத் தலைவராயிருந்தவர் அ. நமச்சிவாயம், முதலமைச்சரானவரோ அப்போது சட்டமன்ற உறுப்பினரல்லாத வே. நாராயணசாமி. 2021 சனவரியில் நமச்சிவாயம் விலகிப் பாரதிய சனதாவிற் சேர்ந்தார். மேலும் சிலர் பதவி துறந்தனர். பெப்ரவரி 22-இல் அமைச்சரவை வீழ்ந்தது.

இவை தனிமனிதர் பதவி வேட்கையால் நேர்ந்தனவே என்பாரும் உளர். வேட்கை எங்கும் உண்டு. அதனை எண்ணிப் பார்த்துத் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்யும் வாக்கெடுப்பு கட்சிக்குள் இல்லாதபோதுதான் அது வாயில் தேடுகின்றது. உள்ளே முறையாகத் தோற்றவன் அடுத்த முறைக்குக் காத்திருப்பான். முறையின்றி ஒதுக்கப்பட்டவன் வெளியேறுவான். 30 தொகுதிகளே உள்ள மன்றத்தில் ஓரிருவர் வெளியேறினும் ஆட்சி ஆட்டங்காணும். அன்றியும், வெளியேறியவர் விட்டுவந்த குறையைத் தீர்ப்பதில்லை என்பதும் நோக்கத்தக்கது. ரங்கசாமி கண்ட கட்சியின் பெயரிலேயே என்.ஆர். என்னும் எழுத்துகள் நிற்கின்றன. தலைமையைத் தில்லியிலிருந்து மீட்டது அக்கட்சி, தொண்டரிடம் சேர்க்கவில்லை.

சட்டம் இதற்கு மருந்தாயிற்றா? கட்சித்தாவலைத் தடுக்க 1985-இல் அரசியலமைப்பிற் பத்தாம் அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சியின் கட்டளையை மீறும் உறுப்பினரை அது தண்டிக்கின்றது; அக்கட்டளை எவ்வாறு பிறந்தது என்று வினவுவதில்லை. பதவி துறப்போரையும் அது தடுக்கவில்லை என்பதற்கு 2021 சான்று. 1989-இல் வந்த பதிவுச் சட்டம் கட்சியின் விதிநூலைக் கேட்கின்றது. ஆனால் உட்கட்சித் தேர்தல் செம்மையாக நடைபெறுதற்கு வேண்டிய வலிமை அதற்கில்லை. செருமனியோ 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்திலேயே கட்சிகளின் உள்ளமைப்பு குடியாட்சி நெறியொடு பொருந்துதல் வேண்டும் என விதித்தது. 1967-இல் தனிச்சட்டமும் இயற்றியது. இந்தியச் சட்ட ஆணையம் 1999-இல் தந்த 170-ஆம் அறிக்கை அந்நெறியையே இங்கும் பரிந்துரைத்தது.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது இது: அகவிதி வலுவற்ற கட்சி பிளவுறுதற்குத் தலைவர்தம் குணம் மட்டும் காரணமன்று, பூசலைத் தீர்க்கும் இடம் கட்சிக்குள் இன்மையே பெருங்காரணம். பொதுத்தேர்தல் நாளில் வாக்காளன் தெரிவது பிறர் முன்னரே தெரிந்து வைத்தவருள் ஒருவரை. அம்முதற் தெரிவிற்கு விதியும் கணக்கும் வேண்டும் என்பதைத் தமிழகத்துக் கல் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே சுமந்து நின்றது.