தாங்கலும் தாங்குதலும்: வேடந்தாங்கல் ஏரியின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் போர்களைக் கொண்டு எழுதுவது ஒரு முறை. அந்நாட்டு மக்கள் நீரை எவ்வாறு தேக்கினர், எவ்வாறு பங்கிட்டனர், எவ்வாறு இழந்தனர் என்பதைக் கொண்டு எழுதுவது மற்றொரு முறை. முதல்முறையில் எழுதப்பெற்ற நூல்கள் தமிழில் பல உள. இரண்டாம் முறையில் எழுதப்பட வேண்டியவை இன்னும் மிகுதி. தொண்டை மண்டலத்தைப் பொறுத்தவரை இரண்டாவது முறையே பொருத்தமானது எனலாம். வற்றாத ஆறு இல்லாத நிலம் அது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. வடகிழக்குப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் கொட்டித் தீர்க்கும் மழையே அந்நிலத்தின் முதலும் முடிவும் ஆகும். அம்மழையைச் சில வாரங்களில் பிடித்து, பல திங்கள்களுக்கு வைத்துக் காக்க அறிந்தமையே அம்மண்டலத்தின் நாகரிகம். செங்கற்பட்டுப் பகுதி 'ஏரி மாவட்டம்' என்று பெயர் பெற்றது இதனாலேயே.

அம்மண்டலத்தில் சிற்றேரியைத் 'தாங்கல்' என்று அழைப்பர். மதுராந்தகத்திற்கு அருகில் உள்ள வேடந்தாங்கல் அத்தகைய தாங்கல்களுள் ஒன்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உடையது. பேரேரிகளோடு ஒப்பிட்டால் அது ஒரு குட்டையே. ஆயினும் சூழலின் நெருக்கடிகளுக்கு ஓர் ஏரி எவ்வாறு ஈடுகொடுக்கிறது, எதை மாற்றிக்கொள்கிறது, எப்போது தோற்கிறது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு அதன் வரலாறு ஒரு சிறந்த பாடமாக அமைகிறது.

ஏரியும் ஊராரும்

தொண்டை மண்டலத்து ஏரிகள் இயற்கையின் கொடை அல்ல. மனிதர் கைகள் ஆக்கியவை. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த திருமால் குடைவரை, அவன் பெயரால் அமைந்த மகேந்திர தடாகத்தின் கரையில் இருந்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. உத்திரமேரூரின் வயிரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. ஏரி வெட்டுவது அரசர்க்குப் புகழ் தந்தது. ஆனால் வெட்டிய ஏரியை ஆண்டுதோறும் காப்பது அரசர் செயல் அன்று, ஊரார் செயல்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுவன. அக்குடவோலையின் வழித் தேர்ந்தெடுக்கப்பட்டோருள் அறுவர் ஏரி வாரியத்தார் என்பது அத்துணை பேசப்படுவதில்லை. அவர்தம் பணிக்காலம் 360 நாள்கள். முன் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியம் செய்யத் தகுதியற்றவர். வண்டலை வாரிக் கரையில் இடுவதும், மதகைச் செப்பனிடுவதும், கலங்கலைக் காப்பதும் ஓர் ஆண்டு தவறினும் அடுத்த மழையில் ஊர் அழியும் என்பதை உணர்ந்தவர் வகுத்த விதிகள் இவை.

எனினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று கொள்ளுதல் பொருந்தாது. வாரியத்தில் அமர நிலவுடைமையும் வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. கரையில் மண் சுமந்தவர்க்கும், நள்ளிரவில் மதகைத் திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கும் அந்த அவையில் இடம் இல்லை. ஏரியின் உறுதி அவர்தம் தோளில் நின்றது. அதன் பெயர் மட்டும் பிறருடையதாயிற்று. இதனையும் சேர்த்தே அந்த வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

1798ஆம் ஆண்டின் ஆவணம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்தது. லயனல் பிளேஸ் என்பவர் அதன் கலெக்டர். மதுராந்தகத்தின் பேரேரியை அவர் செப்பனிட்டதும், பெருமழையில் கரை உடையும் தறுவாயில் இராமனே காத்ததாக எழுந்த கதையும், அதன்வழி 'ஏரி காத்த இராமர்' என்னும் பெயர் அத்தலத்து இறைவனுக்கு வழங்குவதும் பலரும் அறிந்தவை. அதே பிளேசின் பெயர், சில கல் தொலைவில் உள்ள வேடந்தாங்கலின் வரலாற்றிலும் இடம்பெறுகிறது.

வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை ஆங்கிலப் படையினர் சுட்டு வீழ்த்தினர் என்றும், ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர் என்றும் கூறுவர். 1798இல் ஊரார்க்கு ஒரு கவுல் வழங்கப்பெற்றது. பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருடையது என்பதை அது ஏற்றுக்கொண்டது. 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பெற்றது. பின்னர் 1936இல் அரசு அவ்விடத்தைப் பறவைகளின் புகலிடமாக ஏற்றது. 1998இல் ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் வட்டம் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2022இல் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. 1798ஆம் ஆண்டின் கவுலை அரசு தானே முன்வந்து வழங்கவில்லை. ஊரார் கேட்டுப் பெற்றனர். காட்டுயிர்ப் பாதுகாப்பு என்னும் சொல்லே பிறவாத காலத்தில், எழுத்தறிவு அரிதாயிருந்த ஒரு சிற்றூர், பறவைக்காக ஆட்சியாளரிடம் ஆவணம் பெற்றது. அவ்வூராரைத் தூண்டியது அருள் மட்டுமன்று. வேளாண்மை அறிவும் ஆகும்.

எச்சமும் எருவும்

வேடந்தாங்கல் ஏரியின் நீருள் நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. மழை பெய்து ஏரி நிறைந்ததும் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா ஆகியவை அம்மரங்களில் கூடு கட்டுகின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை வடபுலத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருகின்றன. மரத்தைச் சூழ்ந்த நீரே கூட்டிற்கு அகழி. நிலத்தில் திரியும் பகைவிலங்குகள் அதைக் கடந்து எளிதில் வருவதில்லை. நீர் முன்னரே வற்றிவிட்டால் அகழி அழிகிறது. குஞ்சுகளின் காவலும் குலைகிறது.

பறவைகளின் எச்சம் நீரில் வீழ்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. தம் வயலுக்கு வேறு எரு மிகுதியாக வேண்டியதில்லை என்பதை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கண்டனர். பறவை ஊருக்கு எரு கொடுத்தது; ஊர் பறவைக்குக் காவல் கொடுத்தது.

அறிவியல் நோக்கில் இவ்வுறவு மேலும் ஆழமானது. மணிச்சத்து மிகுந்த நீர் எங்கும் நன்மை தருவதில்லை. தேங்கியே கிடக்கும் நீரில் அது மிகுமாயின் பாசி பெருகும், நீர் பசுங்குழம்பாகும், பாசி மடிந்து அழுகும்போது உயிர்வளி குறையும், மீன்கள் செத்து மிதக்கும். வேடந்தாங்கலிலும் அது நேர்ந்திருக்கலாம். நேராமல் காப்பதில் இரண்டிற்குப் பங்குண்டு. ஒன்று, சத்து நிறைந்த நீரை மதகு வெளியேற்றி நெல்லாக மாற்றுவது. மற்றொன்று, கோடைதோறும் ஏரி வற்றுவது.

வற்றுதல் என்பது ஏரியின் இறப்பு அன்று. வெடித்த சேற்றில் வெயிலும் காற்றும் புகுகின்றன. மட்கியவை சிதைந்து உரமாகின்றன. வண்டலை உழவர் வாரிச் சென்று வயலில் இடுகின்றனர். கோரைக் கிழங்கும் அல்லிக் கிழங்கும் மண்ணுள் உறங்குகின்றன. ஈரச் சேற்றில் புதைந்து சில மீன்கள் காத்திருக்கின்றன. புதுமழை வந்ததும் பூச்சிகளும் நத்தைகளும் தவளைகளும் மீன்குஞ்சுகளும் ஒருசேரப் பெருகுகின்றன. அந்தப் பெருக்கத்தைக் கணக்கிட்டே பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் அவை வருவதில்லை. மழை பெய்த மறு ஆண்டில் திரும்புகின்றன.

மீள்திறன் என்பது யாது?

கனடா நாட்டுச் சூழலியல் அறிஞர் சி. எஸ். ஹாலிங் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலைத்தன்மை வேறு, மீள்திறன் வேறு என்பது அவர் கண்ட வேறுபாடு. அசையாது ஒரே நிலையில் நிற்பது நிலைத்தன்மை. அலைக்கழிக்கப்பட்ட போதும் தன் உறவுகளை இழக்காது வாழ்வது மீள்திறன். பெரிதும் ஏற்றத்தாழ்வுக்கு உள்ளாகும் ஓர் அமைப்பே மீள்திறன் மிக்கதாக இருத்தல் கூடும் என்றும் அவர் விளக்கினார்.

தாங்கலின் வாழ்வு இக்கருத்திற்கு நேரிய சான்று. நிறைதல், வற்றுதல், வெடித்தல், மீண்டும் நிறைதல் என ஆண்டுக்கு ஒருமுறை அது முற்றும் மாறுகிறது. மாறுவதனாலேயே நிலைக்கிறது. அழகுக்காக ஆண்டு முழுதும் நீர் தளும்ப வைக்கப்பெறும் ஏரியைவிட, கோடையில் ஆடு மாடு மேயும் ஏரி உயிர்ப்பு மிக்கதாக இருத்தல் கூடும்.

ஆனால் மீள்திறனுக்கு எல்லை உண்டு. ஆழமற்ற ஏரிகளுக்கு இரு நிலைகள் உண்டு என்பர் ஆய்வாளர். நீர்த்தாவரங்கள் வேரூன்றிய தெளிந்த நிலை ஒன்று; பாசியும் கலங்கலும் ஆண்ட நிலை மற்றொன்று. கழிவுநீர் சிறிது சிறிதாகச் சேரும்போது ஏரி நெடுநாள் மாறாததுபோலத் தோன்றும். ஓர் எல்லையைத் தாண்டியதும் விரைந்து மறுநிலைக்குச் சரியும். அதன்பின் கழிவைப் பழைய அளவிற்குக் குறைத்தாலும் ஏரி பழைய நிலைக்கு வருவதில்லை. முன்னினும் மிகக் குறைத்தால்தான் மீளும். சரிந்த வழி வேறு. ஏறும் வழி வேறு. பொறுத்துப் பொறுத்து ஒருநாள் முறிந்த உறவைப் போன்றது அது.

மீளாதவை

அவ்வெல்லையைத் தாண்டியவற்றைக் காணச் சென்னைக்குச் செல்லுதல் போதும். மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரியின் படுகையில் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில் எழுந்த வள்ளுவர் கோட்டம் 1976இல் திறக்கப்பெற்றது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்னும் பெயர் இன்றும் உள்ளது. காண்பதற்கு ஏரிதான் இல்லை. ஏரி போயினும் நீர் தன் தடத்தை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் தாழ்நிலங்களில் வெள்ளம் புகுந்தது. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு நகரம் குடத்தோடு நின்றது. நான்கு ஆண்டு இடைவெளியில் வந்த இவ்விரு துன்பங்களுக்கும் மழையின் மிகுதியும் குறைவும் மட்டுமே காரணம் அல்ல. மிகுந்ததை வைத்துக் குறைந்தபோது கொடுக்கும் இடங்கள் பல இல்லாமற் போனமையும் காரணம் ஆகும்.

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளதாகக் கணக்கு உண்டு. அவற்றின் தளர்ச்சி ஒரே நாளில் நேர்ந்ததன்று. விளைச்சலில் ஒரு பங்கை ஏரிக்கும் ஏரிப் பணியாளர்க்கும் ஒதுக்கிய ஊர் வழக்கம், கம்பெனியின் வரிமுறையில் நலிந்தது. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து, 1858இன் கட்டாய உழைப்புச் சட்டத்தால் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாயிற்று. விருப்பத்தால் நிகழ்ந்ததைச் சட்டத்தால் நிகழ்த்த முயன்றபோது அது நின்றது. பின்னர் ஏரி பொதுப்பணித் துறையின் உடைமையாயிற்று. விடுதலைக்குப் பின் மின்மோட்டார் வந்தது. தன் நிலத்தில் தனிக் கிணறு உள்ளவர்க்கு ஊர் மதகைப் பற்றிய கவலை குறைந்தது. கரையில் சீமைக்கருவேலம் ஏறிற்று. நீர்ப்பரப்பை ஆகாயத்தாமரை மூடிற்று. வரத்துக் கால்வாய் மனைகளாயிற்று.

வேடந்தாங்கலும் இவ்வழுத்தங்களுக்கு விலக்கு அன்று. அங்குக் கூடு கட்டும் நாரை 30 ஹெக்டேரில் உண்டு வாழ்வதன்று. கரிக்கிலி, மதுராந்தகம் என அண்டை ஏரிகளிலும் வயல்களிலும் இரை தேடியே குஞ்சைக் காக்கிறது. கூடு ஓர் ஏரியில். உணவு பல ஏரிகளில். ஆதலின் 5 கிலோமீட்டர் வட்டம் என்பது வெற்று எல்லைக்கோடு அன்று. நாரையின் உணவுத் தட்டு. 2020இல் அவ்வட்டத்தை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தமைக்குக் காரணம் இதுவே. வயல்கள் மனைகளானால் மதகு மூடிக்கிடக்கும். மதகு மூடினால் எச்சம் எருவாகாது. ஏரியிலேயே தங்கி நஞ்சாகும். வேலி கட்டி, காவலர் நிறுத்தி, பறவையை மட்டும் காத்துவிடலாம் என்று எண்ணுவது இவ்வுறவை அறியாமையால் வருவது.

நிறைவாக

பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு அறிவுறுத்திய குடபுலவியனாரின் பாட்டு புறநானூற்றில் உள்ளது. வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்ல நாரையைத் தூது விடுத்த தனிப்பாடலும் தமிழர் அறிந்ததே. தன் ஊர் நீர்நிலையில் நாரை தங்கும் என்னும் உறுதி அப்புலவர்க்கு இருந்தது. அவர் பாட்டு அவ்வுறுதியின் மேல் நிற்கிறது. தூது செல்லும் பறவைக்கு இறங்க ஒரு நீர்நிலை வேண்டும் என்பது இலக்கிய மரபு மட்டும் அன்று. இயற்கையின் விதியும் ஆகும்.

வேடந்தாங்கல் இருநூறாண்டுகளுக்கு மேலாகத் தாங்கி நிற்பது அதன் நீரின் வலிமையால் மட்டும் அன்று. நீர், மரம், பறவை, மதகு, வயல், ஊர் என்னும் ஆறும் ஒன்றை ஒன்று தாங்கியதனால் அது நின்றது. ஒன்று நழுவினால் ஏனையவை சிறிது காலம் தாங்கும். இரண்டு நழுவினால் தடுமாறும். மூன்றாவது நழுவும் நாளை எவரும் முன்கூட்டிக் குறித்துச் சொல்ல இயலாது. கலங்கல், மதகு, குமிழி, தூம்பு, தாங்கல், ஏந்தல் என்னும் சொற்கள் பேச்சினின்று மறைந்து வருகின்றன. சொல் மறையும்போது பொருளும் மறைந்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் உணர வேண்டியவர் கவிஞரே. எழுத்தறியாத ஒரு சிற்றூர் 1798இல் நாரைக்காக ஓர் ஆவணம் பெற்றது. எழுத்தையே வாழ்வாகக் கொண்டோர் அதனினும் குறைவாகச் செய்தல் தகாது.