லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஒலிப்பதிவுகள்

லூயி ஆம்ஸ்ட்ராங் (1901–1971) அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர், பாடகர், இசைக்குழுத் தலைவர். 1923 முதல் 1971 வரை 48 ஆண்டுகள் இசைத்தட்டுகளுக்காக வாசித்தும் பாடியும் வந்தவர். தகரப் புனல் வழியாக ஒலியை மெழுகில் கீறிய காலத்தில் தொடங்கிய அவருடைய பதிவுகள் ஸ்டீரியோ நாடாக் காலம் வரை நீள்கின்றன. அவற்றுள் 1925 நவம்பருக்கும் 1928 டிசம்பருக்கும் இடையில் சிகாகோவில் ஓகே நிறுவனத்துக்காக அவர் செய்தவையே தலையாயவை. அதுவரை கூட்டு வாசிப்பாக இருந்த ஜாஸ், ஒரு கலைஞன் தன் கற்பனையைத் தனித்து விரித்துக் காட்டும் கலையாக மாறியது இந்தத் தட்டுகளில்தான்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1901 ஆகஸ்ட் 4 அன்று பிறந்தார். 1900 ஜூலை 4 என்றே அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார்; ஞானஸ்நானப் பதிவேடு அதைத் தீர்த்துவைத்தது. 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கி சுட்டதற்காகக் கறுப்பினச் சிறுவர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்த வாத்தியக் குழுவில்தான், டிரம்பெட்டை விடச் சற்றுக் குட்டையான கார்னெட்டை முறையாகக் கற்றார்.

புனலின் முன்னால், 1923

சிகாகோவின் லிங்கன் கார்டன்ஸ் நடன மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்த ஜோ ‘கிங்’ ஆலிவர், 1922 ஆகஸ்டில் ஆம்ஸ்ட்ராங்கைத் தம் கிரியோல் ஜாஸ் குழுவுக்கு வரவழைத்துக்கொண்டார். தலைவர் முதல் கார்னெட், சீடர் இரண்டாம் கார்னெட். ஆலிவர் அடுத்து வாசிக்கப்போகும் துண்டைக் கார்னெட்டின் பொத்தான்களில் விரலால் அழுத்திக் காட்ட, அதைப் பார்த்து ஆம்ஸ்ட்ராங் இணைக்குரலைச் சேர்ப்பார். இருவரும் பேசி வைத்ததுபோல் ஒரே மூச்சில் வாசிப்பதைக் கண்டு மற்ற இசைக்கலைஞர்கள் வியந்தனர்.

இந்தக் குழு 1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் உள்ள ஜெனட் நிறுவனத்தின் கூடத்தில் பதிவு செய்தது. ஆம்ஸ்ட்ராங்கின் முதல் பதிவு இதுவே. ஜெனட் என்பது ஸ்டார் பியானோ ஆலையின் கிளைத் தொழில். ஆலை வளாகத்திலேயே கூடம் இருந்தது, பக்கத்திலேயே தண்டவாளம். ரயில் வந்தால் பதிவு நின்றுவிடும். மைக் இல்லாத காலம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் புனலின் முன் எல்லோரும் நெருங்கி நின்று வாசிக்க, புனலின் மறுமுனையில் உள்ள ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் ஒலியைக் கீறும். பெரிய டிரம்மின் அதிர்வு ஊசியைத் துள்ளவைக்கும் என்பதால், டிரம் கலைஞர் பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டியே தாளம் போட்டார். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது ஏறத்தாழ 3 நிமிடம். எந்தப் பாட்டானாலும் அதற்குள் முடித்தாக வேண்டும்.

முதல் முயற்சியில் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் ஆலிவருடையதை அமுக்கிவிட்டது. புனலிலிருந்து அவரைப் பின்னுக்குத் தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள். குழுவின் பியானோ கலைஞரும் பின்னாளில் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியுமான லில் ஹார்டினின் நினைவுப்படி, ஆம்ஸ்ட்ராங் மற்றவர்களை விட்டு 12, 15 அடி தள்ளி, முகம் வாடி ஒரு மூலையில் நின்றிருந்தார். அத்தனை தூரம் போனால்தான் இவர் ஒலியும் ஆலிவரின் ஒலியும் சமமாகிறது என்றால் இவர் ஆலிவரைவிட எவ்வளவு பெரிய வாசிப்புக்காரர் என்பது அப்போதுதான் உறைத்தது என்று லில் சொல்லியிருக்கிறார். இந்தத் தட்டுகளைக் கேட்கும் எவரும் அந்தத் தொலைவை மனத்தில் வைத்துக் கேட்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங் மங்கலாகக் கேட்பது அவருடைய குறையல்ல, நிற்கவைத்த இடம்.

இரண்டு நாளில் 9 பக்கங்கள் பதிவாயின. ‘டிப்பர்மவுத் ப்ளூஸ்’ ஆலிவரின் தனிவாசிப்புக்காகப் பெயர் பெற்றது. ‘சைம்ஸ் ப்ளூஸ்’ தட்டில்தான் ஆம்ஸ்ட்ராங்கின் முதல் தனிவாசிப்பு வருகிறது. இரண்டே சுற்று, 24 பார். (மேற்கத்திய இசையின் தாள அளவைச் சென்னையின் திரையிசைக் கூடங்களிலும் ‘பார்’ என்றே சொல்வார்கள்.) முன்கூட்டியே அமைத்துக்கொண்ட மெட்டுதான், ஆனால் குரல் அவருடையது என்பதில் ஐயமே எழாது. கறுப்பினக் கலைஞர்களின் இந்த இசை அச்சான அதே ஜெனட் ஆலையில், கூலிக்கு, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் தட்டுகளும் அச்சாயின.

நியூயார்க், 1924–1925

1924 பிப்ரவரியில் லில் ஹார்டினை மணந்தார். இரண்டாம் கார்னெட்டாகவே காலம் தள்ளக் கூடாது என்று வற்புறுத்தி ஆலிவர் குழுவிலிருந்து அவரை விலகவைத்தவர் லில்தான். அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் நியூயார்க்கின் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் சேர்ந்தார். ஹெண்டர்சனின் தட்டுகளில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சில பார்களே. ஆனால் விறைப்பாகச் செல்லும் குழு, அவர் நுழைந்ததும் நடை தளர்ந்து ஊஞ்சலாடத் தொடங்குவது தெளிவாகக் கேட்கும்.

இதே காலத்தில் ப்ளூஸ் பாடகிகளுக்குப் பக்கவாத்தியமாகவும் பல தட்டுகளில் வாசித்தார். மா ரெய்னியோடு ‘சீ சீ ரைடர்’ 1924 அக்டோபரில் பதிவானது. பெஸ்ஸி ஸ்மித்தோடு ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ 1925 ஜனவரி 14 அன்று கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவானது. அதில் மூன்றே பேர்: பெஸ்ஸி, ஆம்ஸ்ட்ராங், நம் ஆர்மோனியத்தின் பெரிய உடன்பிறப்பான காற்றுப்பெட்டி ஆர்கனில் ஃப்ரெட் லாங்ஷா. பெஸ்ஸி ஒரு வரியை முடித்து மூச்சு விடும் இடைவெளியில் கார்னெட் அந்த வரிக்குப் பதில் சொல்கிறது. கச்சேரியில் பாடகர் விட்ட இடத்தில் வயலின் வாங்கிக்கொள்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தத் தட்டு உடனே வசப்படும்.

ஹாட் ஃபைவ், ஹாட் செவன், 1925–1928

சிகாகோ திரும்பிய ஆம்ஸ்ட்ராங் 1925 நவம்பர் 12 அன்று தம் சொந்தப் பெயரில் முதல் தட்டுகளைப் பதிவு செய்தார். குழுவின் பெயர் ‘ஹாட் ஃபைவ்’. டிராம்போனில் கிட் ஓரி, கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ், பேஞ்சோவில் ஜானி செயின்ட் சிர், பியானோவில் லில். ஓகே நிறுவனம் நடத்திய ஓரிரு விழாக்கள் தவிர இந்தக் குழு மேடை ஏறவில்லை. கூடத்தில் கூடும், வாசிக்கும், கலையும். இரவு வேலை வேறு மண்டபங்களில். தட்டுகள் கறுப்பின மக்களுக்கென்றே ஓகே வெளியிட்ட, 8000 என எண் தொடங்கும் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ வரிசையில் விற்கப்பட்டன. முதல் நாளே பதிவான ‘கட்பக்கெட் ப்ளூஸ்’ தட்டில், ஆம்ஸ்ட்ராங் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவது கேட்கிறது. ஜெனட் கூடத்தின் மூலையில் நின்றவர் இப்போது புனலின் முன் நின்று குழுவை நடத்துகிறார்.

1926 பிப்ரவரி 26 அன்று ‘ஹீபி ஜீபீஸ்’ பதிவானது. பாடிக்கொண்டிருக்கையில் பாட்டுத் தாள் கைநழுவி விழ, நிறுத்தாமல் பொருளற்ற அசைகளால் பாடி முடித்ததாக ஆம்ஸ்ட்ராங்கே சொல்லியிருக்கிறார். ‘ஸ்காட்’ எனப்படும் இம்முறை அதற்கு முன்பும் தட்டில் வந்ததுண்டு. ஆனாலும் அதை ஊரறியச் செய்தது இந்தத் தட்டுதான். அதே நாளில் பதிவான ‘கார்னெட் சாப் சூயி’ அவருடைய விரல்வேகத்துக்குச் சான்று. இதையடுத்த மாதங்களில் அவர் கார்னெட்டை விட்டு டிரம்பெட்டுக்கு மாறினார்.

1926 இறுதியில் ஓகே நிறுவனத்தைக் கொலம்பியா வாங்கியது. அதோடு மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்யும் கருவிகள் வந்தன. டிரம்மும் ட்யூபாவும் இனி ஊசியை மிரட்டா. 1927 மே மாதத்தில் பேபி டாட்ஸும் ட்யூபா கலைஞர் பீட் பிரிக்ஸும் சேர்ந்து குழு ‘ஹாட் செவன்’ ஆயிற்று. ஒரே வாரத்தில் 11 பக்கங்கள். ‘பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்’ தட்டில் குழு இரண்டு பாருக்கு ஒரு முறை ஓர் அடி மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்ள, நடுவே உள்ள வெற்றிடத்தை 32 பாருக்கு ஆம்ஸ்ட்ராங் தனியே நிரப்புகிறார். தாளம் கேட்கவில்லை, ஆனால் ஓர் இழை விலகவில்லை. அதே ஆண்டில் மெல்ரோஸ் பதிப்பகம் அவரை மெழுகு உருளையில் வாசிக்கவைத்து, அதைக் கேட்டு எழுதி இரண்டு பயிற்சி நூல்களாக வெளியிட்டது. அந்த உருளைகள் அழிந்துபோனது இத்துறைக்குப் பெரிய இழப்பு.

டிசம்பரில் லில் இயற்றிய ‘ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பெக்யூ’, கிதார் கலைஞர் லானி ஜான்சன் கலந்துகொண்ட ‘ஹாட்டர் தேன் தட்’ ஆகியவற்றோடு பழைய குழுவின் காலம் முடிந்தது. 1928இல் பியானோவுக்கு எர்ல் ஹைன்ஸும் டிரம்ஸுக்கு ஜூட்டி சிங்கிள்டனும் வந்தார்கள். ஆம்ஸ்ட்ராங்குக்கு ஈடுகொடுக்கக்கூடிய ஒருவர் முதன்முறையாகக் குழுவுக்குக் கிடைத்தது ஹைன்ஸ் வடிவில்தான்.

‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ 1928 ஜூன் 28 அன்று பதிவானது. இயற்றியவர் ஆலிவர், அவரே தம் குழுவோடு 17 நாள் முன்னதாக இதைப் பதிவு செய்திருந்தார். ஆம்ஸ்ட்ராங்கின் தட்டு, துணையின்றித் தனி டிரம்பெட்டோடு தொடங்குகிறது. அழுத்தமான நான்கு சுரங்கள், பிறகு தாளக்கட்டை அவிழ்த்துக்கொண்டு ஆலாபனைபோல் மேலே ஒரு பாய்ச்சல், உச்சியிலிருந்து சறுக்கி இறங்கும் நீண்ட கோவை. ஏறக்குறைய 12 விநாடியில் எல்லாம் முடிந்து, குழு மெதுவாக வந்து சேர்ந்துகொள்கிறது. நடுவே கிளாரினெட்டும் ஆம்ஸ்ட்ராங்கின் ஸ்காட் குரலும் தாழ்ந்த குரலில் கேள்வி பதிலாகப் பேசிக்கொள்கின்றன. பின்பு ஹைன்ஸின் பியானோ. கடைசிச் சுற்றில் டிரம்பெட் ஒரே மேல்சுரத்தை எடுத்து, விடாமல், ஆடாமல், ஏறத்தாழ நான்கு பார் பிடித்து நிற்கிறது. கேட்பவருக்கே மூச்சு முட்டும். இறுதியில் சிங்கிள்டனின் சிறு கைத்தாளம் ‘டக்’கென்று ஒரு முறை ஒலிக்கத் தட்டு முடிகிறது. 1929இல் ஆலிவர் இதை மறுபடி பதிவு செய்தபோது, சீடரின் அந்தத் தொடக்கத்தையே லூயி மெட்காஃப் என்ற டிரம்பெட் கலைஞரைக் கொண்டு வாசிக்கவைத்தார்.

1928 டிசம்பரில் ஹைன்ஸோடு இருவர் மட்டுமாகச் செய்த ‘வெதர் பேர்ட்’, குழுவோடு செய்த ‘செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி’ ஆகியவற்றோடு சிகாகோத் தொகுதி நிறைவடைகிறது.

1929 முதல் 1946 வரை

1929 மார்ச்சில் வெள்ளையரும் கறுப்பரும் கலந்து ‘நாக்கின் எ ஜக்’ தட்டில் வாசித்தனர். டிராம்போனில் ஜாக் டீகார்டன். அதே ஆண்டு ஜூலையில் ஃபேட்ஸ் வாலர் இசையமைத்த ‘பிளாக் அண்ட் ப்ளூ’. நாடக மேடையில் கருநிறப் பெண்ணொருத்தியின் காதல் புலம்பலாக இருந்த பாட்டின் முன்பகுதியை விட்டுவிட்டு, ஓர் இனத்தின் துயரமாகவே அதை ஆக்கிப் பாடினார். 1930 ஜூலையில் நாட்டுப்புறப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் ‘ப்ளூ யோடல் 9’ தட்டிலும், பெயர் அச்சாகாமலேயே, லில்லுடன் வாசித்திருக்கிறார். இதன்பின் பெரிய குழுக்களோடு அன்றைய திரைப்பாட்டு, நாடகப்பாட்டுகளே மிகுதி. விக்டர் நிறுவனத்தில் சில காலம், 1934இல் பாரிஸில் ஒரு பதிவு. 1935இல் ஜோ கிளேசர் மேலாளரானபின் டெக்கா. ‘ஸ்டார்டஸ்ட்’ (1931) போன்றவை உயர்ந்தவையே. ஆயினும் சிகாகோ நாள்களின் துணிவு மீண்டும் அதே செறிவோடு வாய்க்கவில்லை.

இதற்கிடையே யேல் மாணவராக இருந்த ஜார்ஜ் அவாக்கியன், 1940இல் கொலம்பியாவின் பிரிட்ஜ்போர்ட் ஆலையைத் துருவி, வெளிவராமல் கிடந்த ‘ட்வெல்ஃப்த் ஸ்ட்ரீட் ராக்’ முதலிய பக்கங்களை மீட்டு, பழைய தட்டுகளைத் தொகுப்பாக மறுபதிப்பிக்கச் செய்தார். புதிய தலைமுறை ஹாட் ஃபைவைக் கேட்டது இவரால்தான்.

பிற்காலம்

1947 மே 17 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் சிறுகுழுவோடு வாசித்த கச்சேரிக்குப்பின் ‘ஆல் ஸ்டார்ஸ்’ குழு உருவாயிற்று. 1954இல் அதே அவாக்கியன் கொலம்பியாவுக்காக, ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டியின் பாட்டுகளை ஆம்ஸ்ட்ராங்கைக் கொண்டு பதிவு செய்தார். அவற்றுள் ஒன்றான, 3 நிமிடத் தட்டில் பெஸ்ஸியோடு வாசித்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ இப்போது நீண்டநேரத் தட்டில் ஏறத்தாழ 9 நிமிடம் விரிந்தது. 1956இல் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுடன் ‘எல்லா அண்ட் லூயி’, 1961இல் டியூக் எலிங்டனுடன் ஒரு தொகுப்பு. 1963 டிசம்பரில் பதிவான ‘ஹலோ, டாலி!’ அடுத்த மே மாதம் பீட்டில்ஸ் குழுவை இறக்கி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவருக்கு அப்போது 62 வயது. 1967 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில், கச்சேரி முடிந்த நள்ளிரவுக்குப்பின் ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ பதிவானது. சரக்கு ரயிலின் ஊதல் இரண்டு முறை குறுக்கிட்டதாக இசைச் சேர்ப்பாளர் ஆர்ட்டி பட்லர் நினைவுகூர்ந்துள்ளார். பிரிட்டனில் முதலிடம் பெற்ற அந்தப் பாட்டு அமெரிக்காவில் பரவலாகக் கேட்கப்பட்டது 1987இல் ஒரு திரைப்படத்தில் இடம்பெற்ற பிறகே.

1971 பிப்ரவரியில் நியூயார்க் கொரோனா பகுதியில் உள்ள தம் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ் கவிதையைப் படித்துப் பதிவு செய்தார். அதுவே வெளியீட்டுக்கான கடைசிப் பதிவு. அவ்வாண்டு ஜூலை 6 அன்று மறைந்தார். வீட்டில் அவரே பதிவு செய்து, பெட்டிகளின்மேல் படங்களை வெட்டி ஒட்டி அலங்கரித்த நூற்றுக்கணக்கான நாடாச் சுருள்கள் எஞ்சின.

ஹாட் செவனின் ‘மெலன்கலி ப்ளூஸ்’ 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில், இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கரின் பாட்டோடு இடம்பெற்றது. 2002இல் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் தட்டுகள் அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கொரோனா வீடு 2003 முதல் அருங்காட்சியகம்.