பாகூர் ஏரியும் உவர்நீரும்

பாகூர் என்றதும் நாம் செப்பேட்டையே நினைக்கிறோம். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9ஆம் நூற்றாண்டில், இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தியை அது தருகிறது. கல்விக்குச் சோறிட்ட நிலத்தையும் அந்நிலத்துக்கு நீர் தந்த ஏரியையும் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரிதான். தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியே இதற்கு வருகிறது. இந்த ஏரியின் பயன் பாசனத்தோடு முடிவதில்லை. இதிலிருந்து கசியும் நீர் மேல்மட்ட மணற்படுகையை ஊட்டுகிறது. கிழக்கே சில கல் தொலைவில் கடல். மண்ணுக்கடியில் நன்னீரும் உவர்நீரும் எதிரெதிரே நிற்கின்றன.

நன்னீர் இலேசானது, ஆதலின் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உவர்நீர் விலகி நிற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்தின் பாதோன் கைபெனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் கண்ட கணக்கு இது. மேலே 1 மீட்டர் குறைந்தால் கீழே இழப்பு 40 மீட்டர்!

எனினும் இவ்விரு நீருக்குமிடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை இல்லை. எண்ணெயும் நீரும் போல அவை பிரிந்தே இருப்பவையல்ல, கலப்பவை. எவ்வாறு கலக்கின்றன? மணல்துகள்களுக்கிடையேயுள்ள இடைவெளிகளை நுண்குழல்களாகக் கருதலாம். 1953இல் ஆங்கிலேய அறிஞர் ஜி. ஐ. டெய்லர் நுண்ணிய கண்ணாடிக் குழலில் ஓடும் நீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலைச் செலுத்தி ஆராய்ந்தார். குழலின் நடுவில் நீர் விரைகிறது, சுவரோரம் தேங்குகிறது. இவ்வேக வேறுபாடு சாயத்தை நீட்டி இழுக்க, குறுக்கே நிகழும் பரவல் அதனைக் கலக்கிவிடுகிறது. மணலிலும் ஒவ்வோர் இடைவெளியிலும் இதுவே நிகழ்கிறது. அத்துடன் வழிகள் பிரிந்தும் கூடியும் கலப்பை மிகுவிக்கின்றன. நீரோட்டம் கூடக் கூடக் கலப்பும் கூடும்.

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி மண்ணில் இறக்கிய குழாய்களில் நீர் தானே பீறிட்டது. அந்த ஆர்ட்டீசியன் கிணறுகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் 1880இல் எழுதினார். பின்னர் மின்இறைப்பிகள் வந்தன, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின, நீர்மட்டம் தாழ்ந்தது. கடலோரக் கிணறுகள் சில உவர்த்தன. உவர்ந்த மணற்படுகையைக் கழுவி நன்னீராக்க நெடுங்காலமாகும்.

1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. தூர்வாருதலைப் பாசனச் செலவாக மட்டும் நாம் எண்ணுதல் கூடாது. ஏரியில் நிற்கும் ஒவ்வொரு முழ நீரும் மண்ணுக்கடியில் கடலுக்கு எதிராக எழுப்பிய கரையே ஆகும்.